முகவுரையில் ஒரு வசனம்: 2002 யுத்தநிறுத்த உடன்படிக்கையும் அம்பாறைக் கரையோர முஸ்லிம்களும்

இலங்கை அரசாங்கமும் தமிழீழ விடுதலைப் புலிகளும் செய்துகொண்ட யுத்தநிறுத்த உடன்படிக்கை 2002 பெப்ரவரி 22ஆம் திகதி நிறைவு பெற்றது. அதன் முகவுரையில் எங்களைப் பற்றியும் ஒரு வசனம் இருந்தது. மோதலில் நேரடியாகச் சம்பந்தப்படாத மக்களும் அதன் விளைவுகளால் துன்பப்படுகிறார்கள், குறிப்பாக முஸ்லிம் மக்கள் அப்படித் துன்பப்படுகிறார்கள், ஆகவே பொதுமக்களின் பாதுகாப்புப் பற்றிய ஏற்பாடுகள் எல்லாருக்கும் பொருந்தும் என்பது அதன் சாரம்.

அந்த வசனத்தைக் கண்டு அன்றைக்குப் பலரும் மகிழ்ந்தார்கள். எங்கட பெயர் ஏறியிருக்கு, அதுவே பெரிய விசயம் என்றார்கள். வேறு சிலர் இது போதாது, எங்களைத் தனித் தரப்பாக ஏற்க வேண்டும் என்றார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் இடையில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போனது என்பது என் கருத்து. அந்த வசனம் மீறப்பட்டால் மருதமுனையில் இருக்கும் ஒருவர் எந்தக் கதவைத் தட்டுவது? யார் அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? ஒரு சமாதான உடன்படிக்கையை நாங்கள் வாசிக்க வேண்டிய முறை இதுதான் என்று காட்டவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பிரேரிக்கப்படும் ஒவ்வொரு புதிய யாப்போடும் அதிகாரப் பகிர்வுப் பேச்சு மறுபடி எழுவதால் இது பழங்கதை மட்டுமல்ல.

இரண்டு கையொப்பம், மூன்று சமூகம்

எங்கட கரையோரத்தின் அமைப்பைத் தெரியாதவர்களுக்கு இந்தப் பிரச்சினை விளங்காது. வடக்கே பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று ஊர்கள் கோத்த மணிபோல் கிடக்கின்றன. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறிமாறி வரும். சில இடங்களில் ஒரு வீதிதான் எல்லை. 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதியைப் பிரித்து அம்பாறை மாவட்டம் உண்டானது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் நூற்றுக்கு 43 பேரளவில் முஸ்லிம்கள், 39 பேரளவில் சிங்களவர், 17 பேரளவில் தமிழர். குடியிருப்பு கடலோரத்தில், வயல் மேற்கே. கரையில் உறங்கி எழும் போடியாரின் சீவியம் உள்ளே இருக்கும் வட்டையில்தான். ஆகவே உள்ளே போகும் பாதை யாருடைய கையில் இருக்கிறது என்பது எங்களுக்கு அரசியலாக இருப்பதற்கு முன்பே சோற்றுப் பிரச்சினையாக இருந்தது.

இனப்பிரச்சினை பற்றிய பேச்சுவார்த்தைகளின் வரிசையைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. 1957 ஜூலையில் செய்யப்பட்ட பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம், வடக்கை ஒரு பிராந்தியமாகவும் கிழக்கை இரண்டோ அதற்கு மேற்பட்டோ பிராந்தியங்களாகவும் வகுக்க இடம் வைத்தது. கிழக்கு ஒரே நிறமான நிலம் இல்லை என்பதை ஏற்றுக்கொண்ட ஏற்பாடாகவே இதை நான் வாசிக்கிறேன். அந்த ஒப்பந்தம் அடுத்த வருசமே கிழித்தெறியப்பட்டது. 1985இல் திம்புவில் அரசாங்கமும் தமிழ்க் கட்சிகளும் இயக்கங்களும் பேசியபோது முஸ்லிம்களுக்கு அங்கே ஆசனம் இருக்கவில்லை.

1987 ஜூலை 29இல் ஜே.ஆர். ஜயவர்தனவும் ராஜீவ் காந்தியும் கைச்சாத்திட்ட இந்திய–இலங்கை ஒப்பந்தம் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் ஆகியோரைக் கொண்ட பல்லின நாடு இது என்று தொடக்கத்திலேயே சொன்னது. ஆனால் செயல்வாசகத்தில் வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்டன. கிழக்கு மக்களின் கருத்தறிய ஒரு வாக்கெடுப்பு நடக்கும், அதை ஜனாதிபதி பிற்போடலாம் என்றும் எழுதப்பட்டது. அந்த வாக்கெடுப்பு வருசா வருசம் பிற்போடப்பட்டு, 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பையே செல்லுபடியற்றதாக்கும் வரைக்கும் நடக்கவில்லை. தொடக்கத்தில் எங்கட பெயரும், உள்ளே எங்களைக் கேளாத ஏற்பாடும் என்ற பழக்கம் இந்த ஒப்பந்தத்தில் நன்றாகவே தெரிகிறது.

எம்.எச்.எம். அஷ்ரப் 1981இல் காத்தான்குடியில் ஆரம்பித்த ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தேசியக் கட்சியாக எழுந்து நின்றதை இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும். 1988 நவம்பரில் நடந்த வடக்கு–கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் அது 17 ஆசனங்களை எடுத்து எதிர்க்கட்சியானது. முஸ்லிம்கள் தங்களைப் பற்றித் தாங்களே பேச வேண்டும் என்ற கோரிக்கைக்குக் கிடைத்த ஆணை அது.

பிறகு 1990 வந்தது. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள், நூற்றுக்கு மேற்பட்டோர் ஷஹீதானார்கள். அதே மாதம் ஏறாவூரிலும் அப்படியே. ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அதே ஆகஸ்டில் சம்மாந்துறைக்குப் பக்கத்தில் வீரமுனையில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டதையும் இந்த இடத்தில் எழுதாமல் விடக்கூடாது. எங்கட ஷுஹதாக்களின் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு கரையோரத்தின் சரித்திரத்தை எழுத முடியாது.

1995 ஜனவரியில் சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கமும் புலிகளும் மோதல் தவிர்ப்புச் செய்து பேசியபோதும் மேசையில் இரண்டு தரப்புத்தான். ஏப்ரலில் அது முறிந்தது. தொடர்ந்த அதிகாரப் பகிர்வுத் திட்டங்களில் கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளைக் கொண்ட தென்கிழக்கு அலகு பேசுபொருளானது. 2000 செப்டெம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் அஷ்ரப் வபாத்தானார். 2002இன் சமாதான முயற்சி வந்தபோது சமூகம் தன் பெரிய பேரம்பேசுபவரை இழந்திருந்தது.

உடன்படிக்கையை உறுப்புரை உறுப்புரையாக வாசித்தல்

2002 உடன்படிக்கை நோர்வேயின் அனுசரணையோடு எழுதப்பட்டது. நீளமான ஆவணம் அல்ல. அதை நன்கு வாசித்தால் அது எவ்வளவு கவனமாக எழுதப்பட்டது என்பதும், அந்தக் கவனம் யாருக்காக என்பதும் விளங்கும்.

உறுப்புரை 1.8 அரசாங்கம் தமிழ்த் துணைப்படைகளின் ஆயுதங்களை 30 நாளைக்குள் களைய வேண்டும் என்கிறது. இது புலிகள் கேட்டது. நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. உறுப்புரை 1.13 ஆயுதமில்லாத புலி உறுப்பினர்கள் அரசியல் வேலைக்காக அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வரலாம் என்கிறது. 30ஆம் நாளில் 50 பேர், 60ஆம் நாளில் மேலும் 100 பேர், 90ஆம் நாளிலிருந்து எல்லாரும். இங்கே ஆளும் நாளும் எண்ணப்பட்டிருக்கின்றன. உறுப்புரை 2.1 பொதுமக்களுக்கு எதிரான சித்திரவதை, அச்சுறுத்தல், கடத்தல், கப்பம், தொந்தரவு என்பவற்றைத் தடுக்கிறது. எங்களுக்கு மிக முக்கியமான உறுப்புரை இது.

இனி, 2.1 மீறப்பட்டால் என்ன நடக்கும்? அதற்குக் கண்காணிப்புக் குழு இருந்தது. நோர்டிக் நாடுகளின் ஆட்களைக் கொண்ட அக்குழுவுக்கு உதவியாக யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய ஆறு இடங்களில் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுக்கள் அமைய வேண்டும் என்றது உறுப்புரை 3.7. ஒவ்வொன்றிலும் ஐந்து பேர். அரசாங்கம் நியமிக்கும் இருவர், புலிகள் நியமிக்கும் இருவர், தலைமைக்கு ஒரு வெளிநாட்டுக் கண்காணிப்பாளர்.

பெரும்பான்மையாக இல்லாவிட்டாலும் மிகப் பெரிய சமூகமாக முஸ்லிம்கள் இருக்கும் அம்பாறையிலும் இதே ஐந்து பேர்தான். அரசாங்கம் விரும்பினால் தன் இருவரில் ஒருவராக முஸ்லிம் ஒருவரைப் போடலாம். போடவேண்டும் என்று உடன்படிக்கை சொல்லவில்லை. அப்படிப் போட்டாலும் அவர் அரசாங்கத்தின் ஆளாகவே அமர்வார். கப்பம் கேட்கப்பட்ட ஒரு நிந்தவூர் வியாபாரி, யாரைப் பற்றி முறையிடுகிறாரோ அந்தத் தரப்பின் இருவர் இருக்கும் குழுவின் முன்னால் போக வேண்டும். அவருக்காகப் பேச அங்கே யாரும் இல்லை. முகவுரையில் எங்கட பெயர், 3.7இல் எங்கட இல்லாமை. இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் உடன்படிக்கை எங்களுக்கு என்ன கொடுத்தது என்பது தெரியும்.

முகவுரை சும்மா ஒன்றல்ல, ஓர் ஆவணத்தின் நோக்கத்தை அது சொல்லும் என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் யுத்தநிறுத்தத்தை விளங்கப்படுத்த ஒரு நீதிமன்றம் இருக்கவில்லை. இருந்தது ஒரு முறைப்பாட்டு முறை மட்டுமே. முறைப்பாட்டு முறைக்குள் இடமில்லாதவருக்கு முகவுரையின் நோக்கத்தால் என்ன பயன்?

கிளிநொச்சியில் கைச்சாத்தான பக்கம்

இந்த வெற்றிடத்தை நிரப்பவே முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் ரவூப் ஹக்கீம் 2002 ஏப்ரல் 13இல் கிளிநொச்சியில் வேலுப்பிள்ளை பிரபாகரனைச் சந்தித்தார். அதற்கு மூன்று நாள் முந்தி நடந்த பெரிய பத்திரிகையாளர் சந்திப்பில், தமிழர் தாயகம் முஸ்லிம்களுக்கும் உரியது என்ற கருத்தில் அன்ரன் பாலசிங்கம் பேசியிருந்தார். சந்திப்பின் முடிவில் இரு தலைவர்களும் ஒரு சுருக்கமான ஆவணத்தில் கைச்சாத்திட்டார்கள்.

அதன் உள்ளடக்கம் எங்கட அன்றாட சீவியத்தோடு ஒட்டியது. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் திரும்பிப் போவதற்கான சூழல், கிழக்கில் முஸ்லிம்களிடம் கப்பமோ வரியோ அறவிடாமை, புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் கிடந்த முஸ்லிம்களின் வயல்காணிகளில் மறுபடி பயிர்செய்ய விடுதல், பிரதேச மட்டத்தில் தொடர்ந்து சந்தித்துப் பேசுதல், சமாதானப் பேச்சில் முஸ்லிம் பிரதிநிதித்துவம். வட்டவிதானையும் முல்லைக்காரனும் அறிந்த பாசையில் சொன்னால், பெரும்போகத்துக்கு வட்டைக்குப் போகலாமா, சூடடித்து நெல்லை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்ற கேள்விக்கான பதில் அது. அந்த அளவில் பெப்ரவரி உடன்படிக்கையைவிட எங்களுக்கு நெருக்கமான ஆவணம் இதுதான்.

ஆனால் இதில் கண்காணிப்பாளர் இல்லை. நாள் குறிக்கப்படவில்லை. நோர்வேயின் கண்காணிப்புக் குழு பெப்ரவரி உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டது, இந்த ஏப்ரல் ஆவணத்துக்கு அல்ல. மீறல் நடந்தால் செய்யக்கூடியது அதே ஆட்களிடம் போய் ஞாபகப்படுத்துவது மட்டுமே. ஓர் ஆவணத்தில் கண்காணிப்பு இருந்தது, நாங்கள் இல்லை. மற்ற ஆவணத்தில் நாங்கள் இருந்தோம், கண்காணிப்பு இல்லை.

சோதனை சீக்கிரமே வந்தது. ஏப்ரல் கைச்சாத்து நடந்து மூன்று மாதம் முடியமுன், ஜூன் மாதத்தில் மூதூரிலும் வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கத்திலும் வன்செயல் வெடித்து முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், கடைகள் எரிந்தன. ஆட்கடத்தல், கப்பம் பற்றிய முறைப்பாடுகள் தொடர்ந்தன. 2004 மார்ச்சில் கருணா பிரிந்ததும் இன்னொரு சிக்கல். பிரதேச மட்டத்தில் பேசி எடுத்த வாக்குறுதிகளுக்குக் கிழக்கில் பொறுப்பாக இருந்தவர்களே மாறிப்போனார்கள். ஆளை நம்பிச் செய்த ஏற்பாடு ஆள் மாறும்போது போய்விடும். எழுதப்பட்ட ஒரு குழு இருந்திருந்தால் ஆள் மாறினாலும் நாற்காலி இருந்திருக்கும்.

ஹக்கீம் யாருடைய பிரதிநிதி?

2002 செப்டெம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப்பில் பேச்சு ஆரம்பித்து, நக்கோன் பத்தோம், ஒஸ்லோ, மறுபடி நக்கோன் பத்தோம், பெர்லின் என்று சென்று 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹகோனேயில் ஆறாம் சுற்று முடிந்தது. அரசாங்கத் தூதுக்குழுவில் ஜீ.எல். பீரிஸ், மிலிந்த மொரகொட ஆகியோரோடு ஹக்கீமும் அமர்ந்தார். அமைச்சர் என்ற முறையில் அரசாங்கத்தின் நிலைப்பாட்டுக்குக் கட்டுப்பட்டவர். கட்சித் தலைவர் என்ற முறையில் அதே அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவர். ஒரு தலையில் இரண்டு தொப்பி.

தனித் தரப்புக் கோரிக்கைக்கு மூன்று பக்கமும் பதில் தயாராக இருந்தது. முஸ்லிம் அமைச்சர் எங்கட குழுவில்தானே இருக்கிறார் என்றது அரசாங்கம். அரசியல் விடயங்கள் பேசப்படும் கட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள் புலிகள். இரு தரப்பும் உடன்பட்டால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றது அனுசரணையாளர். உரிய நேரத்தில் ஒரு முஸ்லிம் தூதுக்குழு அழைக்கப்படும் என்று பேச்சின்போது ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த உரிய நேரம் எது என்று யாரும் நாள் குறிக்கவில்லை. துணைப்படைகளின் ஆயுதத்துக்கு 30 நாள் குறித்தவர்களுக்கு இதற்கு நாள் குறிக்கத் தெரியாமல் இல்லை.

2002 டிசெம்பரில் ஒஸ்லோவில் ஐக்கிய இலங்கைக்குள் சமஷ்டி அமைப்பை ஆராய்வது என்று இரு தரப்பும் உடன்பட்டன. தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழிடம் என்ற சொல்லாட்சி அங்கும் வந்தது. தமிழ் பேசுகிறோம் என்பதற்காக எங்களையும் அதற்குள் அடக்கி, பிறகு அந்த வாழிடத்தின் ஆட்சியில் எங்கட பங்கு என்ன என்று சொல்லாமல் விடுவது 1987இலிருந்தே பழகிய வழி.

இதற்கு எங்கட கரையோரம் கொடுத்த பதில் 2003 ஜனவரி இறுதியில் ஒலுவில், தென்கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் வெளிவந்தது. பல்லாயிரம் பேர் திரண்ட அந்தக் கூட்டத்தில் மாணவர்கள் முன்னின்று ஒலுவில் பிரகடனத்தை வெளியிட்டார்கள். முஸ்லிம்கள் தனித் தேசியம், சுயநிர்ணய உரிமை உள்ளவர்கள், வடக்கு–கிழக்கில் அவர்களுக்குத் தனி அதிகார அலகு வேண்டும், பேச்சில் தனித் தரப்பாக அமர வேண்டும் என்பன அதன் கோரிக்கைகள். கட்சிகளுக்கு வெளியே இளைஞர்கள் சமூகத்தைக் கூட்டிக் காட்டிய நாள் அது. அதன் பெறுமதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பிரகடனம் கேட்டவை எல்லாம் இறுதித் தீர்வைப் பற்றியவை. அன்றைக்கு அம்பாறைக் கண்காணிப்புக் குழுவில் எங்களுக்கு ஓர் ஆசனம் என்ற சின்னக் கோரிக்கைக்கு அவ்வளவு பெரிய சனம் திரளவில்லை.

அடுத்த மாதம் பெர்லினில், அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை மூன்று மாவட்டங்களிலும் காணி முதலிய விடயங்களைப் பேசத் தமிழ்–முஸ்லிம் குழுக்கள் அமைப்பதென்று முடிவானது. எங்களுக்குத் தேவைப்பட்ட பொறிமுறைக்கு ஆகக் கிட்டிய யோசனை அதுதான். ஆனால் ஏப்ரல் 21இல் புலிகள் பேச்சை இடைநிறுத்த, அந்தக் குழுக்கள் வேரூன்றக் காலம் கிடைக்கவில்லை. அதே வருசக் கடைசியில் புலிகள் முன்வைத்த இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைத் திட்டம், முஸ்லிம்களுக்கும் அங்கத்துவம் கொடுத்தபடியே அறுதிப் பெரும்பான்மையைப் புலிகளின் நியமனத்துக்கு ஒதுக்கியது.

சுனாமிக்குப் பிறகு

2004 டிசெம்பர் 26 காலை கடல் எங்கட ஊர்களுக்குள் வந்தது. நாட்டிலேயே ஆகக் கூடுதலான உயிர்களை, 10,000க்கும் மேற்பட்டோரை, இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று முஸ்லிம், தமிழ் வேறுபாடின்றி ஜனாஸாவும் பிரேதமும் ஒன்றாகக் கிடந்தன. நிவாரணத்தைப் பகிர அரசாங்கமும் புலிகளும் 2005 ஜூன் 24இல் ஒரு பொதுக்கட்டமைப்பில் கைச்சாத்திட்டார்கள்.

அதன் எண்களைப் பாருங்கள். மேல்மட்டக் குழுவில் அரசாங்கம், புலிகள், முஸ்லிம்கள் ஆகிய மூவருக்கும் ஒவ்வோர் ஆசனம். கிளிநொச்சியில் இயங்க இருந்த பிராந்தியக் குழுவில் பத்துப் பேர். புலிகளுக்கு ஐந்து, முஸ்லிம்களுக்கு மூன்று, அரசாங்கத்துக்கு இரண்டு. எங்களுக்கென்று எழுதப்பட்ட நாற்காலிகள் வந்துவிட்டன என்ற வகையில் இது 2002ஐ விட ஒரு படி மேலே. ஆனால் அந்த எண்களை எழுதியபோது எங்களைக் கேட்கவில்லை. மூன்று சமூகம் அமரும் குழுவை உண்டாக்கிய ஆவணத்தில் இரண்டே கையொப்பம். முஸ்லிம் காங்கிரஸ் எதிர்த்தது. தெற்கில் ஜே.வி.பி. அரசாங்கத்தை விட்டு வெளியேறி வழக்குப் போட்டது. ஜூலை 15இல் உயர் நீதிமன்றம் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. தமிழ்க் கூடாரமும் முஸ்லிம் கூடாரமும் கடற்கரையில் காத்திருந்தபடியே இருந்தன.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாரும் அறிந்தவை. 2005 நவம்பர் 18இல் அக்கரைப்பற்றுப் பள்ளிவாசலில் சுபஹ் தொழுகையில் குண்டு வீசப்பட்டது. 2006 ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் ஊரோடு பெயர்ந்து கந்தளாய்க்குப் போனார்கள். 2008 ஜனவரியில் அரசாங்கம் 14 நாள் அறிவித்தல் கொடுத்து உடன்படிக்கையிலிருந்து விலகியது. 2009 மே மாதத்தில் யுத்தம் ஆயுதத்தால் முடிந்தது. ஆகவே இந்த நாட்டின் உள்நாட்டு யுத்தத்துக்குச் சமாதான உடன்படிக்கை என்று ஒன்று இல்லவே இல்லை.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்?

மூன்றாம் தரப்பின் பிரச்சினை எங்களுக்கு மட்டும் உரியதல்ல. எங்கட பிள்ளைகள் மத்ரஸாவில் படிக்கும் ஹுதைபிய்யா உடன்படிக்கையிலேயே இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. ஹிஜ்ரி 6இல் நபி (ஸல்) அவர்களுக்கும் குறைஷிகளுக்கும் இடையே அது செய்யப்பட்டபோது, மற்றக் கோத்திரங்கள் விரும்பிய பக்கத்தோடு சேரலாம் என்று எழுதப்பட்டது. குஸாஆ கோத்திரம் முஸ்லிம்களோடும் பனூ பக்ர் குறைஷிகளோடும் சேர்ந்தன. இரண்டு வருசத்துக்குள் குறைஷிகளின் உதவியோடு பனூ பக்ர் குஸாஆவைத் தாக்கியது. குஸாஆவின் அம்ர் இப்னு ஸாலிம் மதீனாவுக்கு வந்து முறையிட்டார். கைச்சாத்திட்ட இரு தரப்புக்கும் நேரடி மோதல் இல்லையே என்று அந்த முறைப்பாடு தள்ளப்படவில்லை. உடன்படிக்கையே முறிந்ததாகக் கொள்ளப்பட்டது. சேர்ந்துகொண்ட சிறிய தரப்புக்கு நேர்ந்த தீங்கு உடன்படிக்கை மீறல் ஆகும் என்ற விதி அங்கே உயிரோடு இருந்தது.

வட அயர்லாந்தில் 1996 மே மாதத்தில், யார் பேச வருவது என்பதைத் தீர்மானிக்கவே ஒரு தேர்தல் வைத்தார்கள். முதல் பத்துக் கட்சிகளுக்கு இடம். அதற்குச் சற்று முன்பே தோன்றிய மகளிர் கூட்டணி நூற்றுக்கு ஒரு வீதமளவு வாக்கு எடுத்து இரண்டு ஆசனத்தோடு உள்ளே போனது. 1998 ஏப்ரல் 10 உடன்படிக்கையில் துப்பாக்கி இல்லாதவர்களின் கையும் இருந்தது அதனால்தான்.

பிலிப்பைன்ஸின் மிந்தனாவோவில் நிலைமை தலைகீழ். அங்கே போராடியதும் பேசியதும் எங்கட சகோதரர்களான மோரோ முஸ்லிம்கள். வெளியே நின்றவர்கள் கிறிஸ்தவக் குடியேற்றவாசிகளும் லுமாட் என்னும் பூர்வகுடிகளும். 2008இல் மூதாதையர் நிலம் பற்றி அரசாங்கமும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியும் எழுதிய உடன்பாட்டை, சம்பந்தப்பட்ட மக்களோடு கலந்தாலோசிக்கவில்லை என்பதை முக்கிய காரணமாகக் காட்டி, அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஒக்டோபரில் செல்லாததாக்கியது. யுத்தம் மறுபடி மூண்டு இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். 2014இல் விரிவான உடன்படிக்கை வந்தது. அதன் வழியே 2018இல் ஆக்கப்பட்ட சட்டம் பங்சாமோரோ நாடாளுமன்றத்தில் பூர்வகுடிகளுக்கும் குடியேற்றவாசிகளுக்கும் ஆசனம் ஒதுக்கியது. முதல் தடவை கேட்காமல் விட்டதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது.

எங்கட பக்கத்துக் கணக்கு

எங்களை யாரும் கேட்கவில்லை என்பது பாதி உண்மை. கேட்டிருந்தால் எங்களில் யார் பதில் சொல்லியிருப்பார் என்பது மீதி. 2002இலேயே முஸ்லிம் காங்கிரஸுக்குள் பிளவு வந்தது. அக்கரைப்பற்றின் ஏ.எல்.எம். அதாஉல்லா பிரிந்து தனி வழி போனார். 2006 பெப்ரவரியில் ஜெனீவாப் பேச்சுக்குப் போன அரசாங்கக் குழுவில் பேரியல் அஷ்ரப் அமர்ந்தார். கட்சி மாறினாலும் அமைச்சர் ஒருவரையே முஸ்லிம் பிரதிநிதியாகக் காட்டும் முறை மாறவில்லை. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்குத் தேவை மீள்குடியேற்றம், மட்டக்களப்பாருக்குப் படுவான்கரைக் காணி, எங்களுக்குத் தென்கிழக்கு அலகு, தெற்கு முஸ்லிம்களுக்குப் பெரும்பான்மையோடு சேர்ந்து வாழும் அமைதி. இவை ஒன்றுக்கொன்று எதிரல்ல. ஆனால் இவற்றை ஒரே தாளில் வரிசைப்படுத்தி, எது முதலில், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று பேசி முடிக்கும் ஒரு மேசையை நாங்கள் எங்களுக்குள் போடவில்லை. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள், உலமாக்கள், பல்கலைக்கழகம், விவசாயக் குழுக்கள், பெண்கள் அமைப்புகள் எல்லாம் இருந்தும், பேச்சுவார்த்தை என்பது கட்சித் தலைவரின் வேலை என்று விட்டுவிட்டோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்முனையில் இன்று நாங்கள் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம்? கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டு 2019 ஜூனில் தமிழர்கள் உண்ணாவிரதம் இருந்தபோது அவர்கள் சொன்ன நியாயத்தை நிதானமாகக் கேட்டால், ஒலுவிலில் நாங்கள் சொன்னதின் எதிரொலி அதில் கேட்கும். எங்களை எண்ணிக்கையால் அடக்காதீர்கள், எங்கட அலுவலை நாங்கள் பார்க்க விடுங்கள் என்பதுதானே அது? எல்லை எங்கே, காணி யாருக்கு, வருமானம் யாருக்கு என்பவற்றில் எங்களுக்கும் நியாயமான அச்சங்கள் உண்டு. சாய்ந்தமருது தனக்கு ஒரு நகர சபை கேட்டு, 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்து சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டபோது, முஸ்லிம்களுக்கு உள்ளேயே இதே அச்சம் இரு பக்கமும் இருந்ததைக் கண்டோம். கொழும்பிலும் ஒஸ்லோவிலும் மூன்றாம் தரப்பாக ஆசனம் கேட்கும் சமூகம், கல்முனை மேசையில் தன்னைவிடச் சிறிய தரப்புக்கு ஆசனம் போட்டுக் காட்டினால் அதன் வாதத்துக்குப் பலம் கூடும். போடாவிட்டால் எங்கட 2002 முறைப்பாட்டை எங்களுக்கே திருப்பி வாசிப்பார்கள்.

இனி ஒரு யாப்போ உடன்பாடோ எங்கட முன்னால் வரும்போது முகவுரையைக் கடைசியாக வாசிப்போம். முதலில் வாசிக்க வேண்டியவை நான்கு. முறைப்பாட்டைக் கேட்கும் குழுவில் யார் இருக்கிறார், அவரை நியமிப்பது யார், எத்தனை நாளுக்குள் பதில் வர வேண்டும், பதில் வராவிட்டால் அடுத்த கதவு எது. இவற்றைக் கேட்பதற்கு ஒரு கட்சித் தலைவரின் வருகைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கரைவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று ஒவ்வொன்றிலும், பக்கத்துத் தமிழ் ஊராரையும் கூப்பிட்டு, காணி, பாதை, நீர், பாதுகாப்பு பற்றிய பட்டியலைத் தயாரிக்கும் வேலையை இப்போதே ஆரம்பிக்கலாம். பெர்லினில் எழுதி ஒஸ்லோவின் அலுமாரியில் முடிந்துபோன அந்த மாவட்டக் குழுக்களை நாங்களே எங்கட ஊர் மண்டபங்களில் கூட்டுவதற்கு யாருடைய அனுசரணையும் தேவையில்லை.